அண்ணியின் இரவல் சண்டைகள்

என் அண்ணிக்கு நெஞ்சு வலி வந்த அன்று என் அண்ணன் ஒரு சோபாவில் உட்கார்ந்திருந்தான். விலைச்சீட்டு தொங்கிக்கொண்டிருந்த, விற்பனைக்கு வைத்த சோபா. அண்ணி வேலை பார்க்கும் வீட்டுச் சாமான் கடையிலிருந்து, உங்கள் மனைவி மயங்கி விழுந்துவிட்டார், உடனே வாருங்கள் என்று போன் வந்ததும் பதறியடித்துக்கொண்டு ஓடியிருக்கிறான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓடினவன் நேரே மூன்றாவது மாடிக்குப் போய், கட்டில் மெத்தை விற்கும் இடத்தில் அண்ணியைத் தேடி, காணாமல், கால் வலிக்கிறதென்று அந்தச் சோபாவில் உட்கார்ந்துவிட்டான். விற்பனையாளர் ஒருவர் வந்து துணியைத் தடவிக் காட்டி, இதில் கறையே பிடிக்காது சார் என்று விளக்கியிருக்கிறார். இவனும் தலையாட்டிக் கேட்டிருக்கிறான்.

அண்ணி வேலை பார்ப்பது தரைக்கும் கீழே, வண்டி நிறுத்துமிடத்தை ஒட்டிய அறையில். பழுதான பொருளைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்களைப் புதிதாக வாங்க வருகிறவர்கள் பார்த்துவிடக் கூடாது என்று முதலாளி அந்தக் கவுண்ட்டரை அங்கே கொண்டுபோய் வைத்திருந்தார். அண்ணன் தவணை உண்டா என்று விசாரித்துக்கொண்டிருந்த நேரத்தில் அண்ணியைக் கீழ்வழியாகவே ஆம்புலன்சில் ஏற்றிப் போய்விட்டார்கள். அண்ணி அந்தக் கடைக்குப் போக ஆரம்பித்துப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது.

நான் நாத்தனார். நாத்தனார் அண்ணிக்குப் பரிந்து பேசினால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று தெரியும். நம்பாவிட்டால் போகட்டும். நான் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறேன். நாள் முழுக்க வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் பேச முடியாமல் கிடப்பவர்களிடம் பேசிப் பேசிப் பழகியவள். குறுக்கே யாரும் பேசினால் எனக்குக் கதை ஓடாது.

அண்ணிக்குக் கடையில் வைத்திருந்த பெயர் ‘பரவாயில்லை’. கூப்பிடுவதே அப்படித்தான். மிக்சி தீய்ந்துபோனதற்கும், மின்விசிறி முடியைப் பிடித்து இழுத்ததற்கும், அவள் ஒருத்திதான் பொறுப்பு என்பது போல வந்து கத்துவார்கள். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மன்னிப்புக் கேட்பாள். ஒருமுறை ஒரு ஆள் இஸ்திரிப்பெட்டியை மேஜைமேல் வீசியெறிந்தான். அது அவள் விரலில் விழுந்தது. நகம் கறுத்துப்போன விரலை வாயில் வைத்துக்கொண்டு, உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று அவனைக் கேட்டவள் என் அண்ணி. இடித்துக்கொண்டால் கதவிடம் கூட மன்னிப்புக் கேட்பாள். நானே என் காதால் கேட்டிருக்கிறேன்.

வீட்டிலும் அதே வேலைதான், சம்பளம் மட்டும் கிடையாது. காலையில் என் அம்மாவின் முழங்கால். வலது காலில் ஆரம்பித்து இடது காலுக்கு வந்து முடியும் அந்த விவரத்தை அண்ணி தினமும் புதிதாகக் கேட்பது போலக் கேட்பாள். மாலையில் அண்ணனின் ஆபீஸ். அவன் ஒரு சர்க்கார் அலுவலகத்தில் பிரிவுத் தலைவர். பக்கத்துப் பிரிவுக்காரருக்குக் கை வைத்த சுழல் நாற்காலி கொடுத்துவிட்டு இவனுக்குச் சாதா நாற்காலி கொடுத்துவிட்டார்கள். அது நடந்து பல வருஷம் ஆகிறது. ஆனால் வீட்டில் அது ஒவ்வொரு மாலையும் புதிதாக நடக்கும். செருப்பைக் கழற்றும்போது ஆரம்பித்து சாப்பிட்டுக் கை கழுவும்வரை சொல்லுவான். பிறகு நிம்மதியாகப் படுத்துக் குறட்டை விடுவான். அவன் இதயத்தைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், கல்லூரிப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று ஒரு பிரதி கேட்டாராம். அவ்வளவு சுத்தம். சுத்தமாக இல்லாமல் என்ன செய்யும், குப்பையைத்தான் தினமும் அண்ணியிடம் கொட்டிவிடுகிறானே.

அண்ணிக்கு ஒரு அக்கா இருந்தாள். அவளும் இதே ரகம். மூச்சு முட்டுகிறது, தாடை வலிக்கிறது என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டில் எல்லாரும் வாயு என்றார்கள். அவளும் சரி, வாயுதான் போலிருக்கிறது என்று ஒத்துக்கொண்டு, சமையலை முடித்துவிட்டு, அடுப்படியிலேயே சரிந்து போய்விட்டாள். அப்போது அவளுக்கு நாற்பத்தாறு. கடையில் மயங்கி விழுந்தபோது அண்ணிக்கு நாற்பத்தைந்து. இந்தக் கணக்கை அண்ணி வாய்விட்டு யாரிடமும் சொல்லவில்லை. நான் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் செய்தார்கள். டாக்டரம்மா வளவள என்று பேசாதவர். பெரிய ரத்தக் குழாய்களில் அடைப்பு எதுவும் தெரியவில்லை, ஆனால் ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறுகிறது, வலியும் பொய்யில்லை என்றார். ஆம்பளைகளுக்குக் கோபம் வந்தால் தெருவுக்கே தெரிகிறது, பொம்பளைகளுக்கு வந்தால் அவர்கள் இதயத்துக்கு மட்டும்தான் தெரிகிறது, அதுதான் தனக்குக் கஷ்டம் என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்று மாதத்தில் குறையாவிட்டால் இதயத்துக்குள் மெல்லிய குழாய் விட்டுப் பார்க்க வேண்டியிருக்கும் என்றார். கடைசியாகச் சொன்னார்: "எல்லாத்தையும் முழுங்காதீங்க. தினமும் யாரோடயாவது கொஞ்சம் சண்டை போடுங்க."

"சாப்பாட்டுக்கு முன்னாடியா டாக்டர், அப்புறமா?" என்று அண்ணி கேட்டாள்.

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. மாத்திரை மாதிரி அதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்றுதான் கேட்டாள். மறுநாளே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, உங்களுக்கு இப்போது நேரம் இருக்கிறதா, ஒரு சின்னச் சண்டை போட வேண்டும் என்றாள். அவர்கள் உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தார்கள். எதைப் பற்றிச் சண்டை என்று இரண்டு தரப்பும் உட்கார்ந்து யோசித்தும் ஒன்றும் அகப்படவில்லை. திரும்பி வரும்போது, அவர்கள் ஊருக்குப் போகும் பத்து நாளும் அவர்கள் வீட்டுப் பூனைக்குச் சோறு வைப்பதாக ஒப்புக்கொண்டு வந்திருந்தாள். அந்தப் பூனை அவளைப் பிறாண்டியது. பரவாயில்லை என்றாள்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போனபோதுதான் செக்கர் அங்கே உட்கார்ந்திருந்தார்.

செக்கர் அண்ணன் இருக்கும் குடியிருப்பின் கீழ்வீட்டுக்காரர். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைதான் போயிற்றே தவிர பார்வை போகவில்லை. எதிரே வருகிற ஆளை, இவன் டிக்கெட் வாங்காமல் இந்த உலகத்தில் ஏறியவன் என்பது போலத்தான் பார்ப்பார். மனைவி காலமாகிவிட்டார். வெளிநாட்டில் இருக்கும் மகள், போன் செய்தால் சண்டையில் முடிகிறது என்று போன் செய்வதை விட்டுவிட்டாள். ஒரு தம்பி இருக்கிறார், பேச்சுவார்த்தை இல்லை. ஏற்கெனவே ஒரு தடவை மாரடைப்பு வந்து பிழைத்தவர். அவருக்கும் இதே டாக்டரம்மாதான். இனி ஒரு சண்டை கூடக் கூடாது, இன்னொரு தடவை வந்தால் என் கையில் ஒன்றுமில்லை, நாலு பேரோடு பிரியமாகப் பழகுங்கள் என்று சொல்லியிருந்தார். அதற்கு செக்கர், சண்டை போடாமல் மனுஷர்களோடு எப்படிப் பழகுவது என்று கேட்டாராம். அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை.

அன்று காத்திருக்கும் அறையில் யாரோ ஒருவர், தெரிந்த ஆள் மூலமாக வரிசையை மீறி உள்ளே போகப் பார்த்தார். செக்கர் எழுந்தார். முகம் சிவந்தது. ஒரு கை டோக்கன் கொடுக்கும் பெண்ணை நோக்கி நீண்டது, இன்னொரு கை நெஞ்சுக்குப் போனது. அண்ணி பாய்ந்து போய் அவர் தோளைப் பிடித்து அழுத்தினாள்.

"நீங்க உக்காருங்க சார். நான் சொல்றேன்."

இங்கேதான் என் அண்ணியின் மண்டை எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். தனக்காக அவள் ஒரு தம்ளர் தண்ணீர் கூடக் கேட்டு வாங்க மாட்டாள். ஆனால் அடுத்தவருக்கு உதவி என்று வந்துவிட்டால் எதையும் செய்வாள். அன்று தெரிந்தது, அந்த எதையும் என்பதில் சண்டையும் அடக்கம் என்று. அவள் போய் டோக்கன் மேஜை முன்னால் நின்றாள். செக்கர் பின்னாலிருந்து மெல்லிய குரலில் ஒவ்வொரு வாக்கியமாக எடுத்துக் கொடுத்தார். அவள் அதை அப்படியே உரக்கச் சொன்னாள். ‘இங்க இருக்கறவங்க எல்லாம் ஆட்டுக்குட்டியா’ என்று அவர் கொடுத்தார், அவள் சொன்னாள். ‘உங்க மேலதிகாரி யாரு’ என்று கொடுத்தார், அவள் கேட்டாள். நடுவில் பழக்கதோஷத்தில் ஒரு மன்னிப்பு நுழைந்துவிட்டது, அதை செக்கர் ரத்து செய்யச் சொன்னார். மன்னிப்பை ரத்து செய்கிறேன் என்று அவள் அறிவித்தாள். டோக்கன் பெண் பயந்து போய் வரிசையை ஒழுங்கு செய்தாள்.

அதன்பிறகு நர்ஸ் இரண்டு பேருக்கும் அழுத்தம் பார்த்தார். இரண்டு பேருக்கும் இறங்கியிருந்தது. கருவியில் ஏதோ கோளாறு என்று நர்ஸ் வேறு கருவி கொண்டுவந்து பார்த்தார். அதிலும் அதேதான்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே ஒப்பந்தம் முடிந்துவிட்டது. செக்கருக்கு நிலுவையில் இருந்த சண்டைகளை அண்ணி போடுவது. அண்ணி செய்ய வேண்டிய நலம் விசாரிப்புகளையும் அனுசரிப்புகளையும் செக்கர் செய்வது. கேட்டபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அண்ணி சிரிக்கவில்லை. போய்ப் பார்த்து நலம் விசாரிக்க வேண்டிய நோயாளிகள் நிறைய சேர்ந்துபோயிருக்கிறார்கள், அவர் கொஞ்சம் பார்த்துக்கொண்டால் தனக்கும் ஒத்தாசைதானே என்றாள்.

முதல் சண்டை, இரண்டாவது மாடி டியூஷன் டீச்சரோடு. அவர் வீட்டு ஏசி தண்ணீர் செக்கரின் சைக்கிள் சீட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. அண்ணி போய்க் கதவைத் தட்டி, நான் கீழ்வீட்டு சாருக்காகக் கோபமாக வந்திருக்கிறேன் என்று அறிமுகம் செய்துகொண்டாள். டீச்சருக்கு அது புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. ஆனாலும் குழாயைத் திருப்பி வைத்துவிட்டார். இரண்டாவது, ஜன்னலை மறைத்துக் காரை நிறுத்தும் ஆடிட்டர். மூன்றாவது, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவாமலே கழுவியதாகச் சொல்லும் குடியிருப்புச் செயலாளர். போகப் போக அண்ணியின் குரல் ஏறியது. ஒருநாள் மாலை அம்மாவைப் பார்க்க நான் வந்தபோது வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு பொம்பளை ஆடிட்டரை வாங்கு வாங்கு என்று வாங்கிக்கொண்டிருந்தாள். யாருடா இது, இப்படி வாய் நீளுகிறதே என்று எட்டிப் பார்த்தேன். என் அண்ணி. இடுப்பில் கை. என்னைப் பார்த்ததும், இரு, ரெண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டு வருகிறேன் என்று சைகை காட்டினாள்.

இதில் ஒரு வேடிக்கை. சண்டை முடிந்தபின் அவள் அந்தந்த வீட்டில் உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் வருவாள். அதனால் செக்கரை எதிரியாக நினைத்திருந்தவர்கள் எல்லாம் அவர் உடம்பு எப்படியிருக்கிறது என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

செக்கரின் பக்கம் அவ்வளவு லேசாகப் போகவில்லை. அண்ணியின் கடையில் காசாளருக்கு ஆபரேஷன். பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனவர், உங்களுக்கு ஒன்றும் பயமில்லை, பக்கத்துக் கட்டில்காரர் நிலைமைதான் மோசம் என்று பக்கத்துக் கட்டில்காரர் கேட்கும்படி ஆறுதல் சொல்லிவிட்டு வந்தார். என் அம்மா தன் முழங்கால் வலியைச் சொன்ன முதல் நாள், அதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டாராம். அம்மா அன்று சாப்பிடவில்லை. பிறகு அண்ணி அவருக்குப் பாடம் எடுத்தாள். நீங்கள் எதுவுமே சொல்ல வேண்டாம் சார், ‘ம்’ என்றால் போதும், ஆனால் ஒரே மாதிரி சொல்லக் கூடாது, ஆச்சரியத்துக்கு ஒன்று, வருத்தத்துக்கு ஒன்று, அப்புறம் என்ன ஆச்சு என்பதற்கு ஒன்று. செக்கர் அதைக் கண்ணாடி முன்னால் பழகினார். அம்மா மடக்கு நாற்காலியோடு லிப்டில் இறங்கிக் கீழ்வீட்டு வாசலுக்கே போக ஆரம்பித்தாள். இவ்வளவு பொறுமையாக யாரும் என் காலைக் கேட்டதில்லை என்று என்னிடம் சொன்னாள். பெற்ற மகளிடம் சொல்கிற பேச்சா அது.

பழகப் பழக செக்கருக்கே அது பிடித்துப்போயிற்று. ஒரு நாள் யாரும் சொல்லாமல் தானாகவே மகளுக்குப் போன் செய்து, அவள் சொன்ன எல்லாவற்றுக்கும் ‘ம்’ போட்டிருக்கிறார். அப்பா, உங்களுக்கு உடம்பு சரியில்லையா என்று அவள் அழுதுவிட்டாளாம்.

இத்தனை நடந்துகொண்டிருந்தபோது என் அண்ணன் கவனித்தது ஒன்றே ஒன்று. மாலையில் அண்ணி சில நாள் சண்டை முடிந்து தாமதமாக வருவதால் நாற்காலிப் பேச்சு ஆரம்பிக்கத் தாமதமாகிறது. அதைப் பற்றி அவன் வருத்தப்பட்டான். யாரிடம்? அண்ணியிடம்தான்.

கடைசியாக மிஞ்சியது செக்கரின் தம்பி. வருஷக்கணக்காகப் பேச்சு நின்றுபோனதற்குக் காரணம் ஒரு ஏணி. வெள்ளையடிக்க என்று வாங்கிப்போன தம்பி திருப்பித் தரவில்லை. அண்ணி பஸ் ஏறிப் போய் அந்த ஏணிக்காகச் சண்டை போட்டாள். பிரமாதமான சண்டை என்று கேள்வி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி ஏணியைத் தோளில் சுமந்துகொண்டு வந்து, வாசலில் சார்த்தி வைத்துவிட்டு, செக்கரோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். அதோடு செக்கரின் சண்டைகள் தீர்ந்துவிட்டன. அவர் அழுத்தம் நல்ல பிள்ளை போல அடங்கிக் கிடந்தது.

அண்ணியின் அழுத்தம் மறுபடி ஏற ஆரம்பித்தது.

மாத்திரையைத் தவறாமல் போட்டும் ஏறியது. மூன்று மாதம் முடியும் சமயம் டாக்டரம்மா கருவியைப் பார்த்துவிட்டு, சண்டை போடுகிறீர்களா இல்லையா என்று கேட்டார். நன்றாகவே போட்டேன் டாக்டர், இப்போதுதான் ஸ்டாக் தீர்ந்துவிட்டது என்றாள் அண்ணி. யாருடைய சண்டை என்று டாக்டரம்மா கேட்டார். கீழ்வீட்டு சாருடையது. அப்படியானால் உங்களுடையது? எனக்குச் சண்டை எதுவும் கிடையாதே டாக்டர் என்று அண்ணி சொன்னபோது அவள் கையில் சுற்றியிருந்த பட்டை இன்னும் அவிழ்க்கப்படவில்லை. நர்ஸ் அந்த எண்ணை டாக்டரம்மாவுக்குச் சாடையாகக் காட்டினார். குழாய் விட்டுப் பார்க்கத் தேதி குறித்துக் கொடுத்து அனுப்பினார்கள்.

அண்ணி பயந்து போனாள். வீட்டில் சொன்னாளா? தேதியை மட்டும் சொன்னாள். ஆபீசில் அன்று முக்கியமான கூட்டம் இருக்கிறதே என்றான் அண்ணன். பரவாயில்லை, நான் போய்க்கொள்கிறேன் என்றாள். எனக்கு அவனை நாலு வார்த்தை கேட்க வேண்டும் போல வாய் துறுதுறு என்றது. அண்ணி கண்ணாலேயே அடக்கிவிட்டாள்.

விஷயம் அம்மா மூலமாகக் கீழ்வீட்டுக்குப் போயிற்று. முழங்காலோடு சேர்த்து அம்மா எல்லாவற்றையும்தான் சொல்லுவாள். சோபாவில் உட்கார்ந்த கதையையும் சொல்லியிருக்கிறாள், அண்ணியின் அக்கா கதையையும் சொல்லியிருக்கிறாள். செக்கர் ஒரு ‘ம்’ கூடப் போடாமல் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

அன்று மாலை நான் அங்கேதான் இருந்தேன். அம்மாவின் பல்செட்டைச் சரிசெய்து கொண்டுவந்திருந்தேன். அண்ணன் செருப்பைக் கழற்றி நாற்காலியை ஆரம்பித்திருந்தான். சுழல் நாற்காலிக்காரர் இன்று வேண்டுமென்றே ஒரு முழுச் சுற்று சுற்றினாராம். அப்போது வாசலில் யாரோ இளைக்கும் சத்தம். லிப்ட் பழுது. நாலு மாடியையும் படியேறி வந்து செக்கர் நின்றார். சட்டை நனைந்திருந்தது. வேலையில் இருந்தபோது போட்ட அந்தப் பழைய கோட்டை மாட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"சார், நான் உங்களோட சண்டை போட வந்திருக்கேன். உங்க சம்சாரத்துக்காக. அவங்க என்னுதெல்லாம் போட்டுட்டாங்க. அவங்களுது ஒண்ணு பாக்கி இருக்கு."

அண்ணன் மரியாதை தெரிந்தவன். உட்காருங்கள் சார், தண்ணீர் குடியுங்கள் என்றான். செக்கர் உட்காரவில்லை. விரலை நீட்டினார். முகம் சிவந்து, பிறகு சாம்பல் நிறத்துக்குப் போனது. இன்னொரு கை நெஞ்சுக்குப் போய்விட்டது. இன்னொரு தடவை வந்தால் என் கையில் ஒன்றுமில்லை என்று டாக்டரம்மா சொன்னது எனக்கும் தெரியும், அண்ணிக்கும் தெரியும், அந்த மனுஷருக்கும் தெரியும். தெரிந்தே ஏறி வந்திருக்கிறார்.

அண்ணி சமையலறையிலிருந்து ஓடி வந்து அவர் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தாள்.

"நீங்க உக்காருங்க சார். நானே சொல்றேன்."

சொல்லிவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினாள். ஆடிட்டரை அப்படி வாங்கினவள் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றாள். செக்கர் பின்னாலிருந்து மூச்சு வாங்கிக்கொண்டே, முதலில் சோபா, முதலில் சோபா என்று எடுத்துக் கொடுத்தார்.

"எனக்குத் தெரியும், நீங்க பேசாதீங்க" என்று அவரை அடக்கினாள். பிறகு கேட்டாள். "ஏங்க, நான் எந்த மாடியில வேலை பாக்கறேன்?"

அண்ணன் என்னைப் பார்த்தான். பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்ப்பது போல. நான் வாயை இறுக்க மூடிக்கொண்டேன், என் வாழ்க்கையில் அது எவ்வளவு கஷ்டமான காரியம் என்று உங்களுக்குத் தெரியாது.

"மூணாவது மாடி" என்றான்.

அத்தனை நடந்த பிறகும். அம்மா கூடத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"உங்க ஆபீஸ்ல யாருக்கு எந்த நாற்காலின்னு எனக்குத் தெரியும். அந்தச் சுத்தற நாற்காலியில எந்தச் சக்கரம் உடைஞ்சிருக்குன்னு கூடத் தெரியும். எங்க அக்கா போன வயசு எனக்கு வர இன்னும் நாலு மாசம் இருக்கு. அது உங்களுக்குத் தெரியுமா? எனக்கு பயமா இருக்குங்க. தினமும் பயமா இருக்கு. அதைக் கேக்க இந்த வீட்டுல ஆளில்லை."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றான் அண்ணன்.

"சொன்னேன். வாயுன்னு சொன்னீங்க."

உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து செக்கருக்குத் தண்ணீர் கொடுத்தாள். அவர் முகத்தில் மெல்ல ரத்தம் திரும்பியது. பரவாயில்லை, நன்றாகப் போட்டீர்கள் என்று அவர் சொன்னார். அவர் படியிறங்கும்போது அண்ணன் தன்னையறியாமல் ஒரு கை பிடித்துக்கொண்டான். அன்று அவன் வாயிலிருந்து நாற்காலி வரவில்லை.

இரண்டு நாள் கழித்து அண்ணனுக்கு நெஞ்சு படபடத்தது. பிறந்ததிலிருந்து முதல் தடவை. அலறிக்கொண்டு டாக்டரம்மாவிடம் ஓடினான். படம் எடுத்தார்கள், முன்னைப் போலவே சுத்தம். அவர் என்ன நடந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, இது வெட்கம், இதற்கு மாத்திரை கிடையாது என்று அனுப்பிவிட்டாராம். வீட்டில் சொல்ல முடியாமல் அதைக் கீழ்வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறான். செக்கர் மூன்று விதமான ‘ம்’மும் போட்டுக் கேட்டுவிட்டு, என்னிடம் சொன்னது போதும், உங்கள் சம்சாரத்தைக் கேட்டீர்களா என்றாராம்.

அதற்கடுத்து நடந்ததை அண்ணன் ஒரு விதமாகச் சொன்னான், அண்ணி ஒரு விதமாகச் சொன்னாள். அண்ணன் தான் ரொம்ப கம்பீரமாகப் போனதாகச் சொல்கிறான். நான் அண்ணியைத்தான் நம்புகிறேன். ஒரு மத்தியான நேரம், ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, வீட்டிலிருந்த நல்ல இஸ்திரிப்பெட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு அந்தக் கடைக்குப் போயிருக்கிறான். கால் பழக்கத்தில் மூன்றாவது மாடிக்கே போய், அதே விற்பனையாளர் அதே சோபாவைக் காட்ட வர, கும்பிட்டுவிட்டு, வழி கேட்டு, வண்டிப் புகை வழியாகக் கீழே இறங்கியிருக்கிறான். அங்கே ஜன்னல் கிடையாது. ஒரு மேஜை, ஒரு குழல் விளக்கு, கைப்பிடி இல்லாத ஒரு நாற்காலி. அந்த நாற்காலியைப் பார்த்ததும் அவனுக்கு என்னமோ போல ஆகிவிட்டதாம். முன்னால் தீய்ந்த மிக்சியோடும் ஓடாத மின்விசிறியோடும் நீண்ட வரிசை. டோக்கன் வாங்கிக்கொண்டு அவனும் நின்றான்.

அவன் முறை வந்தது. அண்ணி தலை நிமிராமலே எல்லாரிடமும் கேட்பதைக் கேட்டாள்.

"சொல்லுங்க, என்ன பிரச்சினை?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. உனக்கு என்னன்னு கேக்க வந்தேன்."

அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். துண்டைப் பிரித்து இஸ்திரிப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதை ஓரமாக வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். அக்காவின் தாடை வலியிலிருந்து ஆரம்பித்து, ஆம்புலன்சில் தனியாகப் படுத்துக்கொண்டு மேலே பார்த்துக்கொண்டு போனது, குழாய் என்றால் தனக்கு என்ன பயம், ராத்திரியில் அவன் குறட்டை கேட்கும்போது தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்வது எல்லாம். அண்ணன் கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு கேட்டான். பின்னால் நின்றவர்கள் கத்த ஆரம்பித்தார்கள். மிக்சியைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்பது என்றார் ஒருவர். மேலதிகாரி யார் என்றார் இன்னொருவர். அண்ணி அவர்கள் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவே இல்லையாம்.

"கொஞ்சம் பொறுங்க. நானும் ரொம்ப நாளா வரிசையிலதான் நிக்கறேன். இப்ப என் முறை."

அவர்கள் பொறுத்தார்கள். மிக்சிக்காரர் மிக்சியைக் கீழே வைத்துவிட்டு, அந்தம்மா சொல்வதும் நியாயம்தானே சார் என்று அண்ணனைப் பார்த்துச் சொன்னாராம்.

குழாய் விடும் தேதியன்று அண்ணன் கூட்டத்துக்குப் போகவில்லை, கூடப் போனான். உள்ளே எல்லாம் சரியாக இருப்பதாகப் பார்த்துச் சொன்னார்கள். அழுத்தம் மெல்ல மெல்ல இறங்கியது. மாத்திரை தொடர்கிறது. செக்கர் கீழ்வீட்டு வாசலில் ஒரு மாலை அம்மாவின் காலையும் ஒரு மாலை அண்ணனின் நாற்காலியையும் கேட்டுக்கொண்டு இருக்கிறார். போன வாரம் அண்ணி என்னோடு சண்டை போட்டாள், நான் யாரையும் பேச விடுவதில்லையாம். நான் பதில் பேசாமல் கேட்டுக்கொண்டேன், பேசட்டும். அண்ணிக்கு இப்போது நாற்பத்தெட்டு நடக்கிறது. தன் அக்காவைவிடப் பெரியவளாகிவிட்டாள்.